எப்போதும் வரும் வலிதானே என்றேன்

என்னங்க,

இருபத்தோரு வருஷமாக உங்களை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. நூலகத்துக்கு வரும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லித்தரும்போது ‘அன்புள்ள’ என்று தொடங்கச் சொல்கிறவள்தான் நான். உங்களுக்கென்று உட்கார்ந்தால் அந்த வார்த்தை யாருடையதோ போல இருக்கிறது. ‘என்னங்க’ என்று எழுதியதும் உள்ளறையிலிருந்து நீங்கள் ‘ம்’ கொட்டுவது கேட்கிறது. அதனால் இதுவே இருக்கட்டும்.

நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. செந்துறை பஸ்ஸில் இப்போது வேறொரு கண்டக்டர் வருகிறார். உட்கார்ந்த இடத்திலிருந்தே டிக்கெட் கொடுக்கிறார். உங்களோடு ஓடிய டிரைவர் சேகர் அண்ணன் மட்டும் என்னை ரோட்டில் பார்த்தால் ஹாரனை ஒருமுறை மெல்ல அமுக்கிவிட்டுப் போகிறார். நம் கயல் திருச்சியில் இரண்டாம் வருஷம் முடிக்கப்போகிறாள். அவளைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

உங்களிடம் மட்டும் சொல்வதென்றால் படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருப்பேன். பலமுறை நின்றும் பார்த்தேன். வாய் வரவில்லை. நீங்கள் போன அன்று ஊருக்கெல்லாம் நான் ஒரு பொய் சொன்னேன். எல்லாரிடமும் சொன்ன பொய்யை எல்லார் முன்னாலும்தானே எடுக்க வேண்டும்? அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வயிற்றைப் பற்றி வெளியில் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும்.

உங்களுக்குச் சாப்பாடு எவ்வளவு பிடிக்கும் என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. எங்கள் வீடு பெரம்பலூர்ப் பக்கம், சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோது அம்மா விடியற்காலையிலேயே எழுந்து பூரியும் கேசரியும் செய்து வைத்திருந்தாள். நீங்கள் அடுப்படி வரைக்கும் வந்து, பழைய சோறு இருக்கிறதா என்று கேட்டீர்கள். புது மாப்பிள்ளைக்குப் பழையதா என்று அம்மா பதறிப்போனாள். நீங்கள் கேட்கவில்லை. களத்தில் காயப்போட்டிருந்த வெங்காயத்தில் ஒரு கை அள்ளி வந்து, ஒவ்வொன்றாக உரித்துக் கடித்து, ஒரு சட்டிச் சோற்றையும் முடித்தீர்கள். ‘இந்த ஆளுகிட்ட உனக்கு ஒரு கொறையும் வராதுடி’ என்று அம்மா அன்றைக்கே என் காதில் சொன்னாள்.

திருச்சிக்குப் போய்த் திரும்பினால் பாடாலூரில் இறங்கி பரோட்டா தின்னாமல் வர மாட்டீர்கள். அதற்கப்புறம் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் வெயிலில் நிற்போம். எனக்குக் கோபமாக வரும். இப்போது அந்த ஒரு மணி நேரத்தை யார் கொடுப்பார்கள்?

வயிறு கெட்டது கயல் ஏழாம் வகுப்பு படிக்கும்போது. முதலில் எண்ணெய் சரியில்லை என்றீர்கள், அப்புறம் தண்ணீர் சரியில்லை என்றீர்கள். சாப்பிட்ட அரை மணியில் வயிறு கல்லாக உப்பும், முறுக்கும், ஓட வேண்டும். சில வாரம் அப்படி. சில வாரம் எதுவுமே போகாது, அதற்கும் வலி. மருந்துக் கடை மாத்திரையிலேயே ஒரு வருஷம் ஓட்டினீர்கள்.

கண்டக்டர் வேலைக்கு இந்த வயிறு எப்படிப் பொருந்தும்? அரியலூரிலிருந்து செந்துறை வரைக்கும் எங்கெங்கே கக்கூஸ் இருக்கிறது, எது பூட்டியிருக்கும், யாரிடம் சாவி என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஒரு பெட்ரோல் பங்க்காரரையும் ஒரு பள்ளிக்கூட வாட்ச்மேனையும் சினேகம் பிடித்து வைத்திருந்தீர்கள். தீபாவளிக்கு அந்த வாட்ச்மேனுக்கு நீங்கள் வேட்டி எடுத்துக் கொடுத்தபோது, இவர் யார் என்று கேட்டேன். ‘என் மானத்தக் காப்பாத்துறவரு’ என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

பிறகு அந்த முந்திரிக்காட்டு நாள். பஸ் நிறைய ஜனம். நடுவழியில் விசில் கொடுத்து நிறுத்தி, சேகர் அண்ணனிடம் மட்டும் சொல்லிவிட்டுக் காட்டுக்குள் ஓடினீர்கள். திரும்பி வரும்போது யாரோ ஒருவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ‘பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் போகும் கண்டக்டர்’ என்று அது ஊர் குரூப்பெல்லாம் சுற்றியது. கயலின் வகுப்பு வரைக்கும் போனது. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தீர்கள். மறுநாளிலிருந்து டூட்டி முடிகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் வைப்பதில்லை என்று முடிவு செய்தீர்கள். சாப்பாட்டு ராமன் என்று எல்லாரும் கேலி செய்த மனுஷன், பட்டினியாக நாலு ட்ரிப் அடித்தீர்கள்.

மயங்கி விழுந்த பிறகுதான் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். எல்லாம் பார்த்துவிட்டு அந்த டாக்டர் நம் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை, ஆனால் வலி பொய்யில்லை என்றார். குடல் வேலை செய்கிற விதத்தில்தான் கோளாறாம். அதற்கு ஐ.பி.எஸ். என்று பெயர். கூடவே இருக்கும், சாப்பாட்டைப் பார்த்து நடந்தால் அடங்கியிருக்கும் என்றார்.

‘இதனால உசுருக்கு ஒண்ணும் ஆகாதும்மா’ என்றும் சொன்னார். அந்த ஒரு வரியை நான் தாலியில் முடிந்ததுபோல வைத்துக்கொண்டேன். அதையே பிடித்துக்கொண்டிருந்ததுதான் பிற்பாடு என்னைக் கெடுத்தது. டாக்டர் சொன்னதில் தப்பில்லை. நான் வைத்துக்கொண்ட விதம்தான் தப்பு.

கண்டக்டராக இருந்தவன் ஒரே நாளில் ஐ.பி.எஸ். ஆகிவிட்டான், இனி சல்யூட் அடிக்க வேண்டும் என்று சேகர் அண்ணன் டெப்போவெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தார். ரொம்ப நாளைக்கப்புறம் நீங்களும் சிரித்தீர்கள்.

ஆறு வாரத்துக்கு நிறுத்தச் சொன்ன சாமான்களை டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். கோதுமை, பால், பூண்டு, மொச்சை, பயறு, முந்திரி. எல்லாவற்றுக்கும் மேலே வெங்காயம். அதைப் படித்ததும் நீங்கள் என் முகத்தைத்தான் பார்த்தீர்கள். வெங்காயக்காரர் வீட்டுப் பெண் வெங்காயம் இல்லாமல் குழம்பு வைக்க வேண்டும். முதல் நாள் வைத்த ரசத்தை நீங்கள் ஒரு வாய் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றீர்கள். நான் அடுப்படிக்குள் போய் ருசி பார்த்தேன். அது வெறும் புளித்தண்ணீராக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி மகனுக்குக் காதுகுத்து வந்தது. பெரம்பலூரில் மண்டபம் பிடித்து, அம்மா உங்களுக்கென்று தனியாக மொச்சைக் குழம்பு வைத்துத் தூக்கில் எடுத்து வந்திருந்தாள். பந்தியில் உட்கார்ந்து நீங்கள் மோர்கூட இல்லாமல் வெறும் சோறும் உப்பும் தின்றீர்கள். இலை அப்படியே இருந்தது. மாப்பிள்ளைக்கு நம் மேல் ஏதோ மனத்தாங்கல் என்று சொந்தத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. அம்மா தூக்கை மூடி வைத்துவிட்டு ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நீங்கள் அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தீர்கள். வயிற்றைப் பற்றிச் சொந்தத்தில் யாரிடமும் சொல்லாத மனுஷன், அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னீர்கள். அந்த முந்திரிக்காட்டையும் சொன்னீர்கள். அம்மா கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம், வெங்காயத் தாள் திங்கலாமா என்று. நாம் அதை டாக்டரிடம் போனில் கேட்டோம். பச்சைத் தாள் திங்கலாம், கிழங்குதான் ஆகாது என்றார். அடுத்த வாரமே அம்மா காட்டில் இளசாகப் பிடுங்கிய தாளை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்து நின்றாள். அந்தப் பருவம் முடிகிற வரைக்கும் வாரம் தவறவில்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் டூட்டிக்குப் போன பிறகு நான் எனக்கு மட்டும் வெங்காயம் வதக்கி, கதவைச் சாத்திக்கொண்டு தின்றேன். ஜன்னலைத் திறந்துவைத்து, பாத்திரத்தைப் புளிபோட்டுத் தேய்த்துவைப்பேன். ஒருநாள் நீங்கள் சீக்கிரம் வந்துவிட்டீர்கள். வாசலிலேயே வாசனை பிடித்துவிட்டீர்கள். நான் திருடி போல நின்றேன்.

‘எதுக்கு ஒளிஞ்சு திங்கிற மலரு? என் எதிர்லயே தின்னு. வாசனையாச்சும் எனக்குக் கெடைக்கும்ல.’

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் தட்டை என் முன்னால் தள்ளி வைத்து, எதிரில் உட்கார்ந்து, நான் தின்று முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஆறு வாரம் கழித்து ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தோம். பால் ஒத்துக்கொள்ளவில்லை. பாதிப் பரோட்டாவுக்கு இரண்டு நாள் படுத்தீர்கள். பூண்டு ஆகவே ஆகாது என்று தெரிந்தது. வெங்காயத்தைக் கடைசியில் வைத்திருந்தோம், பயத்தில். ஒருநாள் காலையில் பழைய சோற்றோடு இரண்டே இரண்டு சின்ன வெங்காயம் கடித்துவிட்டு டூட்டிக்குப் போனீர்கள். எனக்கு நூலகத்தில் வேலை ஓடவில்லை. மூன்று மணிக்குச் செந்துறையிலிருந்து போன் வந்தது.

‘மலரு, மணி மூணு ஆச்சு. ஒண்ணும் ஆகல.’

அவ்வளவுதான் சொன்னீர்கள். பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். சத்தம் போடாதீர்கள் என்று பிள்ளைகளை அதட்டுகிறவள், அன்று நானே சத்தமாகச் சிரித்தேன். இரண்டு வெங்காயத்துக்கு மேல் உங்களுக்கு ஆகாது. ஆனால் அந்த இரண்டோடு மூன்று வருஷம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள்.

இனி அந்த நாளுக்கு வர வேண்டும். இவ்வளவு நேரம் சுற்றியதே அதைத் தள்ளிப்போடத்தான்.

முந்தின நாள் வரதராஜன்பேட்டையில் உங்கள் அண்ணன் வீட்டுப் பால்காய்ப்பு. பந்தியில் பருப்பு வடை போட்டார்கள். ஒன்று தின்றால் என்ன ஆகிவிடும் என்று உங்கள் அண்ணன் பாசத்தில் வற்புறுத்த, நீங்கள் என்னைப் பார்க்காமல் பாதி வடையைத் தின்றீர்கள். நான் பார்த்துவிட்டேன்.

மறுநாள் உங்களுக்கு மதியம் டூட்டி. காலை எட்டரை மணிக்கு மேல்வயிறு பிடிக்கிறது என்றீர்கள். குமட்டுகிறது என்றீர்கள். இரண்டு முறை பின்பக்கம் போய் வந்தீர்கள். நூறு முறை பார்த்ததுதான். நேற்றுத் தின்ற வடை வேலை செய்கிறது என்று நான் முணுமுணுத்துக்கொண்டே ஓமத்தண்ணி கொதிக்கவைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் படுத்தீர்கள். சட்டை நனைந்திருந்தது. வெயில் என்று நினைத்து ஃபேனைக் கூட்டிவைத்தேன்.

பத்து மணி இருக்கும். என் கையைப் பிடித்தீர்கள்.

‘மலரு, இது வேற மாதிரி இருக்கு.’

‘ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி இருக்குன்னுதான் சொல்றீங்க. எப்பவும் வர்ற வலிதானே. சித்த கண்ண மூடிப் படுங்க.’

இதுதான் நான் சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நீங்கள் என் கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். நான் போய்த் துணி துவைத்தேன். உங்கள் காக்கிச் சட்டையைத்தான் துவைத்தேன். என் பேச்சைக் கேட்டதும் என்ன நினைத்தீர்கள்? இவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினீர்களா? இல்லை, இவளிடம் இனி சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டீர்களா? இந்தப் பதினான்கு மாதமும் இந்தக் கேள்வியோடுதான் எழுந்திருக்கிறேன்.

பதினொன்றரைக்கு உள்ளே வந்தபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. சேகர் அண்ணனுக்குப் போன் பண்ணினேன், ஆட்டோ வந்தது, அரியலூர் பெரியாஸ்பத்திரிக்கு உங்களை மடியில் போட்டுக்கொண்டு போனேன். ரயில்வே கேட் தாண்டும்போதே தலை என் தோளில் கனத்துவிட்டது. அங்கே அவர்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். மாரடைப்பு என்றார்கள். சில பேருக்கு அது நெஞ்சில் வராமல் வயிற்றில் வருமாம், வாந்தியோடு வருமாம். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று டாக்டரம்மா கேட்டார். எட்டரை என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அதை எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் உங்கள் அண்ணன் ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். நல்லாத்தான் இருந்தார், திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார், கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. சொன்ன பிறகு அதையே கயலுக்கும் சொன்னேன். அம்மாவுக்கும் சொன்னேன். கஷ்டப்படாமல் போனாரே, அதுவே புண்ணியம் என்று எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். தலையாட்டினேன்.

மூன்று மணி நேரம் கஷ்டப்பட்டீர்கள். கூப்பிடு தூரத்தில்தான் நான் இருந்தேன். இதுதான் நான் எடுக்க வந்த பொய்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும் என்றார் உங்கள் அண்ணன். பாடாலூர் போய்ப் பரோட்டா வாங்கிவந்தார். அண்ணி மொச்சைக் குழம்பு வைத்தார். அம்மா ஒரு கூடை வெங்காயம் கொண்டுவந்து, தானே உரித்து, கண் எரிகிற சாக்கில் அழுதாள். எனக்குள் ஒரே குழப்பம். இவர் ஆறு வருஷமாகப் பயந்த சாப்பாட்டை இவருக்கே வைக்கிறோமே, தின்றால் வலிக்காதா? இனிமேல் எதுவும் வலிக்காது என்று அறிவு சொல்கிறது. கை மட்டும் பரோட்டாவை எடுத்துவிடலாமா என்று துடிக்கிறது.

‘உசுரோட இருக்கப்ப ஒரு வடையக்கூட நிம்மதியாத் திங்க விடல நாம’ என்று உங்கள் அண்ணன் படத்தைப் பார்த்துக் குலுங்கினார்.

அப்போது கயல் அடுப்படியிலிருந்து ஒரு டம்ளரோடு வந்தாள். இவ்வளவும் சாப்பிட்டால் அப்பாவுக்கு வேண்டியிருக்கும் என்று ஓமத்தண்ணி வைத்து எடுத்து வந்திருந்தாள். பிள்ளை ஆசையாக இலைப் பக்கத்தில் வைத்தாள். நான் அந்த டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் ஓடி, சாக்கடையில் ஊற்றிவிட்டு, துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். புருஷன் போன துக்கம் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். கயல் மட்டும் வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏதோ புரியாமல் புரிந்திருக்க வேண்டும்.

இனி கயலைப் பற்றி.

இந்தத் தடவை லீவுக்கு வந்தபோது அவளுக்குப் பிடிக்குமே என்று மொச்சைக் குழம்பு வைத்தேன். இப்போதுதான் பஸ் ஸ்டாண்டில் சாப்பிட்டேன் என்றாள். சாயங்காலமும் பசியில்லை என்றாள். மறுநாள் டவுனுக்குப் போகும்போது பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கத்துச் சீட்டில்தான் உட்காருவேன் என்றாள். என்னங்க, இதெல்லாம் உங்கள் வார்த்தை. வயிற்றை மறைக்க நீங்கள் சொன்ன அதே சாக்குகள்.

விடாமல் கேட்டதும் சொன்னாள். ஐந்து மாதமாக இருக்கிறதாம். பரீட்சை வந்தால் கூடுகிறதாம். ஹாஸ்டலில் கக்கூஸுக்குப் பக்கத்து அறையை வேறொரு பெண்ணிடம் கெஞ்சி மாற்றி வாங்கியிருக்கிறாள். ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்றேன். அப்பாவை நினைத்து நீ உடைந்துவிடுவாய் என்றுதான் என்றாள்.

இனியும் அவளிடம் பொய்யோடு இருக்க முடியாது என்று தோன்றிவிட்டது. அடுத்த நாள் காலையில் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். எட்டரை, பத்து, பதினொன்றரை. ஓமத்தண்ணி. நீங்கள் என் கையைப் பிடித்தது, நான் சொன்னது. அவள் ஈரத் துணியைப் பிடித்தபடி கேட்டாள். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள், வேறு மாதிரி இருக்கிறது என்று அப்பா வாய்விட்டுச் சொன்னாரா என்று. ஆமாம் என்றேன். துணியைக் கொடியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தானே கஞ்சி வைத்துக் குடித்தாள். நான் கெஞ்சவும் இல்லை, விளக்கவும் இல்லை. கோபப்பட அவளுக்கு உரிமை இருக்கிறது. உங்கள் இடத்திலிருந்து கோபப்பட அவளைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

மூன்றாம் நாள் உங்கள் டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போனேன். பஸ் பாடாலூர் தாண்டுகிறது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

‘நாளைக்கு நான் ஹாஸ்டல்லேருந்து போன் பண்ணி, வேற மாதிரி இருக்குன்னு சொன்னா, நீ நம்புவியாம்மா?’

நம்புவேன் என்று சொல்ல எனக்கென்ன யோக்கியதை? அவள் கையைப் பிடித்தேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். சொன்னேன். அவரிடமும் மறைக்கவில்லை. எட்டரைக்கே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அவர் என்னைத் தேற்றப் பார்க்கவில்லை. பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம், தன்னால் சொல்ல முடியாது என்றார். பதினான்கு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான பதில் அதுதான். கயலுக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்தார். அவளுக்கும் அதேதான். மறுபடியும் அந்தத் தாள், ஆறு வாரம், வெங்காயம்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குக் கயல் போன் பண்ணினாள். குரல் மெலிந்திருந்தது. மேல்வயிறு எரிகிறது, எப்போதும் போல இல்லை என்றாள். நான் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. காலையில் என்ன தின்றாய் என்றுகூடக் கேட்கவில்லை. எனக்காகக் காத்திருக்காதே, வார்டனோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, நான் கிளம்பிவிட்டேன் என்றேன். நூலகத்தைப் பூட்டினேன். படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரை எழுப்பி வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. கட்டியிருந்த சேலையோடு திருச்சி பஸ் ஏறினேன். வழியெல்லாம் வார்டனுக்குப் போன் பண்ணிக்கொண்டே போனேன்.

இரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். இ.சி.ஜி. எடுத்திருந்தார்கள், ஊசி போட்டிருந்தார்கள். காரம் ஒத்துக்கொள்ளாத நெஞ்செரிச்சல், வேறு ஒன்றும் இல்லை என்றார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

‘ஒண்ணுமில்லாததுக்கு ஒன்னய அலைய வச்சிட்டேம்மா.’

‘அலையத்தானேடி நான் இருக்கேன்.’

அப்போதுதான் என் தோளில் சாய்ந்து அழுதாள். உங்களுக்காக அவள் என்னிடம் அழுதது அன்றைக்குத்தான். இரண்டு பேரும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதோம். நர்ஸ் வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். என்னை அவள் மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. சாயங்காலம் அவளை ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பினேன்.

என்னங்க, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் பத்தாவது தடவை கூப்பிட்டாலும், நூறாவது தடவை கூப்பிட்டாலும் நான் போவேன். எல்லாம் தெரிந்தவள்போல் இனி எந்த வலிக்கும் நான் பெயர் வைக்க மாட்டேன். ஒன்றுமில்லை என்று டாக்டர் திருப்பி அனுப்புகிற ஒவ்வொரு நாளும் சந்தோஷமாகத் திரும்பி வருவேன். உங்களுக்காக ஒரே ஒருநாள் அலைந்திருக்க வேண்டியவள், அலையவில்லை. மிச்சமிருக்கிற நாளெல்லாம் அவளுக்காக அலைகிறேன்.

கயலோட அம்மா,
உங்கள் மலர்